ஆடும் இலக்கு

கமுந்திங் பழைய கடை வரிசையின் கோடியில், அஞ்சடி நடைபாதையில் ஒரு மேசை நிற்கிறது. நான்கு இரும்புக் கால், இடுப்பு உயரம், தலைமாட்டில் நிமிர்ந்த ஒரு கண்ணாடிப் பெட்டி. மேல்கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் பழைய பாயில் சாய்த்திருக்கிறார்கள். பந்து உருளும் பலகையை ஒரு பக்கமாகத் தூக்கிக் கட்டை முட்டுக்கொடுத்து நிறுத்தியாகிவிட்டது. பலகைக்கு அடியில் தலையை நுழைத்தபடி ஒரு பெரியவர். வெளியே தெரிவது வெள்ளைப் பனியனும், காக்கிக் கால்சட்டையும், அதன் பின்பையில் துருத்தி நிற்கும் மெல்லிய அரமும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கிழக்கே லாருட் மலையின் பாதி உயரத்துக்கு மேகம் இறங்கியிருக்கிறது. பக்கத்து ஒட்டுக்கடையில் இரண்டு பேர் தே தாரேக் குடிக்கிறார்கள். யாரும் பேசவில்லை. மேசைக்குள்ளிருந்து உரசும் சத்தம் மட்டும் வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது.

பின்பால் மேசையைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாய்வான பலகையில் எஃகுக் குண்டு ஒன்றை வில்கம்பியால் மேலே தள்ளிவிட வேண்டும். அது தடைகளில் மோதி, புள்ளி சேர்த்துக்கொண்டே கீழே இறங்கும். அடியில் இரண்டு சிறு துடுப்புகள். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் துடுப்பு எழும்பிக் குண்டைத் திருப்பி அடிக்கும். இரண்டுக்கும் நடுவே குண்டு நழுவிவிட்டால் போயிற்று. குண்டின் எடை 80 கிராம், குறுக்களவு 27 மில்லிமீட்டர். கையில் எடுத்துப் பார்த்தால் அதன் அளவுக்கு மீறிய கனம் தெரியும்.

இந்த மேசை ‘ஸ்பேஸ் மிஷன்’. சிகாகோவில் இருந்த வில்லியம்ஸ் நிறுவனம் 1976இல் வெளியிட்டது. அதற்கு முந்தின ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் அப்பல்லோவும் சோவியத்தின் சோயுஸும் வானில் ஒன்றோடொன்று இணைந்தன. பின்கண்ணாடியில் தீட்டியிருப்பது அதைத்தான். பலகையின் நடுவே ஓர் இலக்கு, கடிகாரப் பெண்டுலம்போல இடவலமாக ஆடிக்கொண்டே இருக்கும். அது எங்கே வரும் என்று கணித்துத்தான் அடிக்க வேண்டும். வடிவமைத்தவர் ஸ்டீவ் கோர்டெக். 1948இல் ‘டிரிபிள் ஆக்‌ஷன்’ என்ற மேசையில் இரண்டே துடுப்புகளைக் கீழே வைத்து, இன்றுவரை எல்லோரும் பின்பற்றும் அமைப்புக்கு வழிகாட்டியவர். ஸ்பேஸ் மிஷன் 11 ஆயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அவற்றில் ஒன்று, எத்தனை கை மாறியோ, பழைய சாமான் லாரியில் ஏறி இந்த அஞ்சடிக்கு வந்திருக்கிறது. வாங்கியவர் எதிர்சாரியில் வன்பொருள் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே. பழுது பார்க்கும் பொறுப்பு பெரியவருடையது.

பெரியவர் தலையை வெளியே எடுக்கிறார். அரத்தை விளக்கொளியில் பிடித்துப் பார்க்கிறார். அதன் முனையில் கரிப்பொடி. வேட்டித் துண்டில் துடைத்துவிட்டு மறுபடி உள்ளே.

அவர் தோட்டத்து ஒயர்மேனாக இருந்தவர் என்று ஒட்டுக்கடைக்கார அக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறார். ரப்பர் ஆலையின் இஞ்சினையும் லயத்து விளக்குகளையும் பார்த்துக்கொண்டவர். கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. லயம் இடிந்தபோது மற்றவர்களோடு இவரும் தாமானுக்குக் குடிவந்தார். அப்புறம் ரேடியோ, மின்விசிறி, அரவை இயந்திரம், கோயில் ஒலிபெருக்கி என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துச் சேர்த்திருக்கிறார். பின்பால் மேசையைத் தொடுவது இதுதான் முதல் தடவை. கையில் தயக்கம் இல்லை. ஏன் என்று அடியில் எட்டிப் பார்த்தால் விளங்கும்.

சில்லு கிடையாது, நினைவகம் கிடையாது. மின்காந்தச் சுருள்கள், ரிலேக்கள், பற்சக்கரங்கள், ஒரு மோட்டார், நிற நிறமாய் ஒயர்க் கற்றைகள், அவ்வளவுதான். கணினிச் சில்லு வைத்த மேசைகள் 1977க்குப் பிறகு ஓரிரு ஆண்டுகளில் சந்தையைப் பிடித்துக்கொண்டன. இது அந்த மாற்றத்துக்குச் சற்று முந்தியது. மேசை எதை நினைவில் வைத்துக்கொண்டாலும் அதைக் கண்ணால் பார்க்கலாம். எத்தனையாவது குண்டு என்பது ஒரு பற்சக்கரம் நிற்கும் இடம். யாருடைய முறை என்பது இன்னொரு சக்கரம். ஆட்டம் நடக்கிறதா இல்லையா என்பது, பூட்டிக்கொண்டிருக்கும் ஒரு ரிலே. குண்டு 500 புள்ளி இலக்கைத் தொட்டால் உள்ளே மோட்டார் சுழன்று, நூறு நூறாக ஐந்து துடிப்புகளை அனுப்பும். புள்ளிச் சக்கரம் ஐந்து பல் நகரும். மணி ஐந்து முறை அடிக்கும். கணக்கு போடுவதைக் காதால் கேட்கலாம்.

பொறுமையாகப் பார்ப்பவனுக்கு எதையும் மறைக்காத இயந்திரம் இது. எனக்கு இதன்மேல் உள்ள மதிப்பு முதன்மையாக அதனால்தான்.

பத்து மணிக்கு மருமகன் வருகிறான், தங்கை மகன். தொழிற்பேட்டையில் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து நேரே வந்திருக்கிறான். கண் சிவந்திருக்கிறது. ஹெல்மெட்டைத் தூணில் மாட்டிவிட்டுப் பையிலிருந்து ஒரு ஸ்ப்ரே டின்னை எடுக்கிறான்.

“மாமா, இதை அடிச்சுப் பாருங்க. ஒவ்வொண்ணா தேய்ச்சா எப்ப முடியறது?”

பெரியவர் டின்னை வாங்கி, எழுத்தை எட்டத்தில் பிடித்துப் படித்து, மேசைக்கு வெகு தூரத்தில் தரையில் வைக்கிறார்.

“இது எண்ணெய். ரிலே ஒவ்வொரு தடவ தட்டும்போதும் பொறி பறக்கும். எண்ணெயும் பொறியும் மரப்பெட்டிக்குள்ள ஒண்ணா இருந்தா என்னாகும்னு நீயே சொல்லு.”

பையன் சொல்லவில்லை. பெரியவர் அவன் கையில் இன்னோர் அரத்தைக் கொடுக்கிறார்.

அவர் செய்வதை அருகில் பார்க்க வேண்டும். ரிலேயில் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். இரண்டின் நுனியிலும் பொட்டு அளவு ஒரு புள்ளி. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இரண்டு புள்ளியும் தொடும், விலகும். இத்தனை ஆண்டு ஈரத்தில் அவை கறுத்துவிட்டன. அரத்தை இரண்டுக்கும் நடுவே செருகி, இடது கைச் சுட்டுவிரலால் நாக்கை லேசாக அமுக்கி, இரண்டு இழுப்பு. அதற்கு மேல் இல்லை. அதிகம் தேய்த்தால் புள்ளி தேய்ந்து காணாமல் போகும். பிறகு ஒரு துண்டு வெள்ளைத் தாளைச் செருகி இழுக்கிறார். தாளில் கறுப்புக் கோடு. மறுபடி ஓர் இழுப்பு, மறுபடி தாள். கோடு வராதபோது அடுத்த ரிலே. நாக்கு வளைந்திருந்தால் மூக்குக் குறட்டால் ஒரு மயிரிழை நிமிர்த்துகிறார். பையன் தன் பக்கத்து ரிலேயில் மூன்று இழுப்பு இழுக்கிறான். பெரியவர் திரும்பாமலே, “ரெண்டு” என்கிறார்.

ஈரம் என்று சொன்னேன். தைப்பிங்கும் அதை ஒட்டிய கமுந்திங்கும் தீபகற்ப மலேசியாவிலேயே மழைக்குப் பேர்போன இடம். ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டும். மலைத்தொடர் மேகத்தைத் தடுத்து நிறுத்துகிறது. பிற்பகலானால் வானம் இறங்கிவிடும். இந்த மழைக்கு எஃகு துரு ஏறும், பலகை உப்பும், பின்கண்ணாடியின் வர்ணம் செதில் செதிலாக உரியும். வறண்ட சிகாகோ நிலவறை ஒன்றில் ஐம்பது ஆண்டு கிடந்த மேசைக்கும் இங்கே கிடந்த மேசைக்கும் பழுது வேறு.

பெரியவர் சால்டர் கம்பியைச் சூடாக்குகிறார். ஒரு சுருளின் கால் அறுந்திருக்கிறது. பழைய சால்டரை உருக்கி எடுத்து, ஒயரை முறுக்கி வைத்து, புதுத் துளியை வைக்கிறார். துளி பளபளத்து ஓடி, ஒரு நொடியில் மங்கி உறைகிறது. சால்டரில் பாதிக்கு மேல் வெள்ளீயம்; மிச்சம் காரீயம். ஏறத்தாழ 190 பாகை செல்சியஸில் உருகிவிடும். இந்த மண்ணில் நின்று அந்தத் துளியைப் பார்ப்பது சாதாரணமாக இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கமுந்திங்குக்குப் பெயர் கிளியான் பாரு, புதுச் சுரங்கம். தைப்பிங், கிளியான் பாவ். லாருட் ஈய நிலத்துக்காகச் சீன ரகசியச் சங்கங்களான கீ ஹின் கூட்டமும் ஹாய் சான் கூட்டமும் 1861 முதல் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் வெட்டிக்கொண்டன. அந்தச் சண்டையைச் சாக்கிட்டுத்தான் 1874 ஜனவரி 20இல் பங்கோர் உடன்படிக்கையோடு ஆங்கிலேயர் பேராக்குக்குள் நுழைந்தார்கள். ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. நூறு ஆண்டு கழித்து, 1985 அக்டோபரில், உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. ஈயக் குழிகளான லம்பங்கள் குளங்களாயின. சால்டர் இப்போது சுருளாக, பிளாஸ்டிக் உருளையில் சுற்றி, எங்கிருந்தோ வருகிறது.

தமிழர்களில் பலருக்கு கமுந்திங் என்றதும் நினைவுக்கு வருவது தடுப்புக்காவல் முகாம்தான். 2007 டிசம்பரில் இந்தியர் உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் தலைவர்கள் ஐவரை அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். அது மறக்கக்கூடியது இல்லை. ஆனால் ஓர் ஊருக்கு ஒரு முகம் மட்டும் இருப்பதில்லை. இந்த அஞ்சடியும் கமுந்திங்தான்.

மதியம். எதிர்சாரித் தவுக்கே சாலையைக் கடந்து வருகிறார். “பீலா சியாப், அண்ணே?” எப்போது முடியும் என்ற கேள்வி. பெரியவர் மலாயிலேயே பதில் சொல்கிறார்: மெசின்தான் சொல்ல வேண்டும். தவுக்கே சிரிக்காமல் தலையாட்டிவிட்டு, பெட்டியின் பக்கத்தைத் தடவிப் பார்க்கிறார். பெயின்ட் உதிர்ந்த இடங்களில் விரல் நிற்கிறது. எல்லாவற்றையும் புதிதாக அடித்துவிடலாமே என்கிறார். வர்ணம் தன் கடையிலேயே இருக்கிறதாம்.

பெரியவர் வேண்டாம் என்று தலையசைக்கிறார். பலகையின் ஓர் இடத்தைக் காட்டுகிறார். துடுப்புகளுக்கு மேலே, குண்டு திரும்பத் திரும்ப உருண்ட தடத்தில், வர்ணம் தேய்ந்து வெறும் மரம் தெரிகிறது. அங்கே மெழுகு போட்டுப் பளபளப்பாக்கியிருக்கிறார், வர்ணம் தீட்டவில்லை. இதைப் பற்றிப் பின்பால் பிரியர்களுக்குள் உலகமெங்கும் வழக்கு உண்டு. ஆலையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. ஓட வேண்டியது ஓடட்டும், தேய்ந்தது தேய்ந்தபடி இருக்கட்டும் என்பது இன்னொன்று. நான் பெரியவர் பக்கம். தேய்ந்த தடம் ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் எழுத்து. அதன்மேல் வர்ணம் பூசினால் மேசை அழகாகும், அதன் சரித்திரம் போய்விடும். உரிந்துகொண்டிருக்கும் பின்கண்ணாடி மட்டும் வேறு விஷயம். அதன் ஓவியம் கண்ணாடியின் பின்புறம் தீட்டப்பட்டது. உரியாமல் நிறுத்த, தெளிந்த வார்னிஷைப் பின்புறம் மெல்லிய படலமாகத் தெளித்து வைக்க வேண்டும். அதை அவர் முன்னமே செய்துவிட்டார். இரு விண்வெளி வீரர்களில் ஒருவரின் தோள் மட்டும் ஏற்கெனவே உதிர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் பின்னால் எரியும் பல்பு நேராகத் தெரியும்.

தவுக்கே தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறார். கோபம் இல்லை.

பையன் இப்போது ரப்பர் வளையங்களைக் கழற்றுகிறான். பலகையெங்கும் முளைகளைச் சுற்றி வளையங்கள். குண்டு அவற்றில் மோதித்தான் துள்ளும். பழையவை சில கல்லாகிவிட்டன, விரலால் அழுத்தியதும் நொறுங்குகின்றன. சில வெக்கையில் இளகிப் பிசினாக முளையில் அப்பிக்கிடக்கின்றன. பையன் துணியில் ஸ்பிரிட் நனைத்துச் சுரண்டுகிறான். பிறகு பொட்டலம் ஒன்றைப் பிரிக்கிறான். ஹைட்ராலிக் கடையில் வாங்கிய கறுப்பு வளையங்கள். எண்ணெய்க் குழாய் மூட்டுகளுக்குப் போடுவது.

“அளவு சரியா இருக்கு மாமா. வெலையும் கம்மி.”

பெரியவர் ஒன்றை முளையில் மாட்டுகிறார். குண்டை ஒரு சாண் உயரத்திலிருந்து அதன்மேல் உருட்டிவிடுகிறார். குண்டு மோதி, சோம்பலாக விலகுகிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கால்சட்டைப் பையிலிருந்து தபால் உறை ஒன்றை எடுத்து, அதிலிருந்து வெள்ளை வளையம் ஒன்றை மாட்டி, அதே உயரத்திலிருந்து அதே குண்டை விடுகிறார். குண்டு பாய்ந்து எதிர்முளைவரை போகிறது. பையன் கறுப்பு வளையங்களைப் பொட்டலத்துக்குள் திருப்பிப் போடுகிறான்.

எண்ணெய்க்குத் தாங்கும் செயற்கை ரப்பருக்கு அந்தத் துள்ளல் வராது. கரி கலந்த கறுப்பு வளையம் நெடுநாள் உழைக்கும், ஆனால் பலகையில் கறுப்புத் தூளை உதிர்க்கும். வெள்ளை வளையம் பால்மரத்து ரப்பர். அது அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்திருக்கிறது.

இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது கோலகங்சார். லண்டன் கியூ தோட்டத்தின் வழியே பிரேசில் விதையில் முளைத்து வந்த கன்றுகளில் ஒன்பதை 1877இல் அங்கே நட்டார்கள். அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. பேராக்கின் தோட்டங்களில் நம்மவர்கள் மூன்று, நான்கு தலைமுறையாக வெட்டிய பால் உலகம் முழுக்கப் போயிற்று. சக்கரமாக, குழாயாக, செருப்பாக, இப்படி விளையாட்டு மேசையின் வளையமாகவும்.

மேசையின் வரலாற்றைப் படித்தால் ரப்பருக்கும் அதற்குமான இந்த முடிச்சு இன்னும் இறுகும். ஆணி அடித்த பலகையில் கோலி உருட்டும் பகடெல் ஆட்டத்துக்கு வில்கம்பியைச் சேர்த்து, 1871இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மான்டேகு ரெட்கிரேவ் காப்புரிமை வாங்கினார். 1931இல் காட்லீப் நிறுவனத்தின் ‘பாஃபிள் பால்’ கடை கடையாகப் பரவியது. அப்போது துடுப்பு கிடையாது. குண்டு போன வழி போகும். சூதாட்டம் என்று சொல்லி, 1942 ஜனவரியில் நியூயார்க் மேயர் லாகார்டியா பின்பாலுக்குத் தடை போட்டார். போலீஸ்காரர்கள் சம்மட்டியால் மேசைகளை உடைத்தார்கள். அதே வாரங்களில் ஜப்பானியப் படை மலாயாவில் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. தைப்பிங் டிசம்பரிலேயே விழுந்துவிட்டது. அமெரிக்கா வாங்கிய ரப்பரில் பெரும்பகுதி வந்த வழி அடைபட்டது. சிகாகோவின் மேசை ஆலைகள் போர்த் தளவாடத்துக்குத் திரும்பின. இங்கே தோட்டங்களில் வேலை நின்றது. பால் வெட்டிய தமிழர்கள் பல்லாயிரம் பேரைச் சயாம் மரண ரயில்பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்பால் வரலாறு எழுதுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் எழுதுகிறார்கள். இரண்டாம் பாதியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

போர் முடிந்து 1947இல் காட்லீபின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ மேசையில் துடுப்பு வந்தது. விதி பார்த்துக்கொண்ட ஆட்டத்துக்குள் கை நுழைந்தது. ஆனாலும் நியூயார்க் தடை நீங்க 1976 வரை ஆயிற்று. நகர மன்றத்தின் முன் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் விளையாடிக் காட்டினார். அவர் தயாராக வைத்திருந்த மேசையை ஒதுக்கிவிட்டு, மாற்றாகக் கொண்டுவந்திருந்ததில் ஆடச் சொன்னார்கள். வில்கம்பியை இழுக்கும் முன்பே குண்டு எந்த வழியில் இறங்கும் என்று சொல்லிவிட்டு இழுத்தார். சொன்ன வழியில் இறங்கியது. ஸ்பேஸ் மிஷன் வந்ததும் அதே ஆண்டு.

காசுப் பெட்டியின் அடியில் ஏதோ கிணுகிணுக்கிறது. பையன் கையை விட்டுத் துழாவி எடுக்கிறான். இருபது காசு. ஒரு பக்கம் நாடாளுமன்றக் கட்டடம். 1989இல் புதிய வரிசை நாணயம் வருவதற்கு முன்னால் புழங்கியது. ஆக, இந்த மேசை நம் நாட்டில்தான் எங்கோ, யார் யார் கையிலோ ஆடியிருக்கிறது. புதிய வரிசையில் ஐந்து காசில் பம்பரமும், பத்துக் காசில் நம் பல்லாங்குழியின் உறவான சொங்காக்கும், ஐம்பது காசில் பட்டமும் பொறித்தார்கள். விளையாட்டுகளை நாணயத்தில் வைத்துப் பெருமைப்பட்ட நாடு இது. எனக்குப் பிடித்த நாணயங்கள் அவை. பையன் இருபது காசைத் துடைத்து, பெரியவரிடம் நீட்டுகிறான். அவர் அதைத் திரும்பக் காசுப் பெட்டிக்குள் போடுகிறார்.

மூன்று மணிக்கு மேல் மழை. அஞ்சடியின் விளிம்பில் தண்ணீர்த் திரை. இருவரும் மேசையைச் சுவர்ப்பக்கம் தள்ளி, பலகையை இறக்கி, கால்களின் கீழ்த் திருகுகளைத் திருப்பி, மட்டம் பார்க்கும் குழாயை வைத்து ஏற்ற இறக்கம் சரிசெய்கிறார்கள். மூன்றரைப் பாகைச் சரிவு. இந்தக் காலத்து மேசைகளில் அது ஆறரை. பழைய மேசையின் ஆட்டம் நிதானமாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

பிளக்கை நேராகச் சுவரில் செருகவில்லை. மேசை அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது. நம் சுவரில் வருவது 230 வோல்ட். நடுவே ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர். பெரியவர் ஒரு கையைச் சுவிட்சிலும் மறு கையை முதுகுக்குப் பின்னாலும் வைத்துக்கொள்கிறார். தோட்டத்தில் கற்ற பழக்கமாக இருக்கும்.

விளக்குகள் எரிகின்றன. பச்சை, மஞ்சள், சிவப்பு. விண்வெளி வீரரின் இல்லாத தோளில் பல்பு தனியாக எரிகிறது. நடு இலக்கு ஆடத் தொடங்குகிறது. பையன் இடது பொத்தானை அழுத்துகிறான். துடுப்பு எழும்புகிறது. அதோடு ஒரு ரீங்காரம். ஓரிரு நொடியில் சூட்டு வாசனை.

“ஆஃப் பண்ணு!”

அணைத்தாயிற்று. பலகை மறுபடி எழுகிறது. துடுப்பின் சுருளில் இரண்டு சுற்று உண்டு. முதல் சுற்று துடுப்பை வேகமாகத் தூக்கும். நிறைய மின்சாரம் குடிக்கும். துடுப்பு மேலே போனதும் ஒரு சிறு நாக்கு விலகி அதை நிறுத்திவிட, மெல்லிய இரண்டாம் சுற்று துடுப்பைத் தாங்கிப் பிடிக்கும். அந்த நாக்கு விலகாவிட்டால் சுருள் வெந்துபோகும். பெரியவர் பையனைக் குனியச் சொல்கிறார். துடுப்பைக் கையால் தூக்கிக் காட்டுகிறார். நாக்கு விலகவில்லை.

“என்ன தெரியுது?”

“ஒட்டிக்கிட்டே இருக்கு மாமா.”

“நீயே வளை.”

பையன் குறட்டை வாங்குகிறான். இரண்டு முறை தவறுகிறது. மூன்றாம் முறை துடுப்பைத் தூக்கியதும் நாக்கு நூலளவு விலகுகிறது. பெரியவர் அதற்குப் பாராட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்து விளக்கைப் போடச் சுவிட்சை அவனிடமே விட்டுவிட்டார்.

ஆட்டம் தொடங்கியபோது ஒட்டுக்கடையில் மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். பள்ளிச் சீருடை இல்லாத மலாய்ப் பையன்கள் மூவர், தவுக்கே, தவுக்கேயின் மகள். குண்டு வெள்ளை வளையங்களில் மோதித் துள்ளுகிறது. மணி அடிக்கிறது. உள்ளே மோட்டார் சுழல்வது மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. மலாய்ப் பையன்களில் மூத்தவன் குண்டு நழுவும் தறுவாயில் மேசையை ஓங்கித் தள்ளுகிறான். எல்லா விளக்கும் மாறி, துடுப்புகள் செத்துவிடுகின்றன. டில்ட். பெட்டிக்குள் ஒரு வளையத்தின் நடுவே எடைக்குண்டு ஒன்று கம்பியில் தொங்குகிறது. மேசையை அளவுக்கு மேல் ஆட்டினால் கம்பி வளையத்தைத் தொடும், ஆட்டம் நிற்கும். 1930களில் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர், பின்னாளில் வில்லியம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஹாரி வில்லியம்ஸ்தான்.

கடைசியில் ஒட்டுக்கடைக்கார அக்கா வருகிறார். கையைத் துண்டில் துடைத்துக்கொள்கிறார். “ஒரு தடவ நானும் பாக்குறேண்ணே.” பெரியவர் விலகி இடம் விடுகிறார்.

முதல் குண்டு சட்டென்று போய்விடுகிறது. இரண்டாவதில் அக்கா பொத்தானை அவசரப்பட்டு அழுத்துவதை நிறுத்திவிட்டார். குண்டு துடுப்புக்கு இறங்கும்வரை விட்டுவைக்கிறார். நடுவே நழுவப் போகும் குண்டுக்கு, உள்ளங்கையால் பெட்டியின் ஓரத்தை ஒரு தட்டு. குண்டு விரலளவு விலகித் துடுப்பில் விழுகிறது. டில்ட் ஆகவில்லை. மறுபடி ஒரு தட்டு. டில்ட் ஆகவில்லை. மலாய்ப் பையன்கள் அவர் கையையே பார்க்கிறார்கள்.

“எப்படிக்கா?” என்கிறான் மருமகன்.

“இருவது வருசம் பால் வெட்டுனவ நானு,” என்று மட்டும் சொல்கிறார், கண்ணைப் பலகையிலிருந்து எடுக்காமல்.

பால் வெட்டுவதில் பட்டையை ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் சீவலாம். கத்தி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அங்கே வளரும் புதுப்பட்டை மேடு தட்டிவிடும், பிறகு வெட்ட முடியாது. விடியாத இருட்டில், தலைவிளக்கின் வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரத்தில் அந்த அளவைத் தவறாமல் காத்த கை அது. ரிலேயில் இரண்டு இழுப்போடு நிறுத்துகிற கையும் அதே தோட்டத்தில் பழகியதுதான். நம் தோட்ட மக்களைப் பற்றிப் பேசும்போது உழைப்பு என்கிறோம், துயரம் என்கிறோம். அவர்களுடைய கைத்திறன் எவ்வளவு நுட்பமானது என்று பேசுவது குறைவு. அந்தத் திறன் தோட்டத்தோடு அழிந்துவிடவில்லை. அதற்கு வேலை கொடுக்க நாம்தான் தவறிவிட்டோம்.

நடு இலக்கு வலது கோடிக்குப் போய்த் திரும்புகிறது. அக்கா அடிக்கிறார். குண்டு நேராகப் போய் இலக்கைத் தொடுகிறது. மணி தொடர்ந்து அடிக்கிறது, புள்ளிச் சக்கரங்கள் உருளுகின்றன. சற்றுக் கழித்துப் பெட்டிக்குள் மரத்தில் ‘டொக்’ என்று ஓர் அடி: இனாமாக ஓர் ஆட்டம். மலாய்ப் பையன்கள் கத்துகிறார்கள். தவுக்கேயின் மகள் அடுத்தது தான் என்று மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறாள். தவுக்கே வர்ணத்தைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

ஈப்போவிலோ தைப்பிங்கிலோ, சித்தியவானிலோ சுங்கை சிப்புட்டிலோ, மூடிய கிளப்பின் பின்னறையிலோ பழைய இரும்புக் கடையிலோ இப்படி ஒரு மேசை உங்கள் கண்ணில் பட்டால், எடைக்குப் போக விடாதீர்கள். உடனே பிளக்கைச் செருகிப் பார்க்க வேண்டாம். நம் 230 வோல்ட் அதைப் பொசுக்கிவிடக்கூடும். பின்கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஓவியம் துணியோடு வந்துவிடும். பெட்டிக்குள் மடித்து வைத்த பெரிய மின்சுற்று வரைபடம் இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பிறகு உங்கள் தாமானில் ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒயர்மேன் ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் குனியும்போது பக்கத்தில் குனிந்து பார்க்க இளவட்டம் ஒருவரையும் நிறுத்துங்கள்.